படப்பிடிப்பைக் காத்திருந்து பார்த்தவர்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர்கள் மறுபடியும் காலை நாளிதழைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. அவர்களுக்குத் துணையாக வீட்டில் இருந்த வாரங்களில் ‘லாஸ்ட் யூ ஃபாரெவர்’ சீனத் தொடரின் இரண்டு பருவங்களையும் பார்த்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதில் வரும் ஷியாங் லியூவின் முடிவைப் பற்றி நீ எழுதிய பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் நீ கேட்டிருக்கும் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் எழுத வேண்டும். ஒரு தொடர் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, படப்பிடிப்புத் தளத்திலிருந்து எவரோ தொலைவில் நின்று எடுத்த மங்கலான படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பதில் அப்படி என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறாய்.

அந்தப் படங்கள் உன் கண்ணில் பட்டிருக்க வழியில்லை. அவை முதலில் வந்து சேரும் இடம் சீனச் சமூக ஊடகமான வெய்போ. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. இந்தத் தொடரை வெளியிட்ட டென்சென்ட் நிறுவனத்தின் வீடிவி (WeTV) செயலியும் அதே ஆண்டு நவம்பரில் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. இங்கே அப்படியில்லை. என் அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழி ஒருத்தி, 2013இல் எழுத்தாளர் தோங் ஹுவாவின் மூல நாவல் வெளிவரத் தொடங்கியபோதே வாங்கி, மூன்று பாகங்களையும் படித்து முடித்தவள். ‘சாங் ஷியாங் ஸி’ என்பது அதன் சீனப் பெயர். 2022இல் படப்பிடிப்பு நடந்த மாதங்கள் முழுவதும் மதிய உணவு வேளையில் அவள் கைபேசியைத் திருப்பிக் காட்டி, ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொல்வாள். எனக்குச் சீனம் பேச்சளவில்தான் வரும். கதையை நான் கற்றதே அந்தப் படங்களின் வழியாகத்தான்.

அவள் அந்தப் படங்களை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. ஒரு வாசகியாகப் பார்த்தாள். தொடர்களின் காட்சிகள் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை என்பது உனக்குத் தெரியும். தளம் கிடைக்கும் நாள், நடிகர் கிடைக்கும் நாள், மழை இல்லாத நாள் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆகவே ஒரு படம் வந்தால், அது நாவலின் எந்த அத்தியாயம் என்பதை உடையையும் கொண்டையையும் கையிலிருக்கும் பொருளையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முரட்டுத் துணியில் ஆண் வேடமிட்ட நாயகியாக யாங் ஸி தெரிந்தால், அது சிங்ஷுயி சிற்றூரில் மருத்துவராக ஒளிந்து வாழும் காலம். நடிகர் தான் ஜியான்சி வெள்ளை முடியுடன் நின்றால், அவர் ஒன்பது தலை அரக்கனான ஷியாங் லியூ. கருமுடியோடு நின்றால், அதே ஷியாங் லியூ வேறொரு பெயரில் உல்லாசப் பிள்ளையாக உலவும் நேரம். நாயகி சிவப்பு மண உடையில் இருக்கும் படம் ஒன்று வந்தால் போதும், நாவலைப் படித்தவர்களுக்குச் சோறு தண்ணீர் இறங்காது. மணமேடையிலிருந்து அவளை ஷியாங் லியூ அழைத்துப் போகும் அந்த இடம்தானா இது, அதை எழுதியபடியே எடுக்கிறார்களா என்று அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்து வரிவரியாகப் படிப்பார்கள். ஒரு நாவலை இவ்வளவு கவனமாக, இத்தனை பேர் சேர்ந்து மறுவாசிப்பு செய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த நாவலுக்கு அப்படியொரு காவல் தேவைப்பட்டதற்கும் காரணம் உண்டு. வழக்கமான தேவலோகக் காதல் கதைகளில் நாயகன் யார் என்பது முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். இங்கே மாமன் மகனான சாங் ஷுவான், ஒன்பது வால் நரிக்குலத்தைச் சேர்ந்த தூஷான் ஜிங், ஷியாங் லியூ என மூவரும் நாயகியின் வாழ்வில் சம எடையோடு நிற்கிறார்கள். ஒருவரின் காட்சியைக் குறைத்து இன்னொருவரின் காட்சியைக் கூட்டினால் கதையே வேறாகிவிடும். போதாக்குறைக்கு, மூலத்தில் ஷுவான்யுவான், காவ்ஷின், ஷென்நோங் என்று சீனத் தொன்மங்களின் பழம்பெரும் பெயர்களைத் தாங்கியிருந்த மூன்று அரசுகளும் தொடரில் ஷியான், ஹாவ்லிங், சென்ரோங் என்று மாறிவிட்டன. பெயரையே மாற்றியவர்கள் வேறு எதையெல்லாம் மாற்றுவார்களோ என்ற அச்சம் வாசகர்களுக்கு வராமல் இருக்குமா? திரைக்கதையைத் தோங் ஹுவாவே எழுதுகிறார் என்பதுதான் அவர்களுக்கு இருந்த பெரிய ஆறுதல்.

கொரோனாவுக்குப் பின் எல்லைகள் திறந்த பிறகு, அந்தத் தோழியோடு சீனாவின் செஜியாங் மாநிலத்தில் படப்பிடிப்புத் தளங்கள் நிறைந்த ஹெங்டியன் நகரத்துக்குப் போய்வந்தேன். யீவு வரை ரயில், அங்கிருந்து பேருந்து. (2024 செப்டம்பரில் ஹாங்சோ–வென்சோ அதிவேக ரயில்பாதை திறந்த பிறகு ஹெங்டியனுக்கே ரயில் நிலையம் வந்துவிட்டது, நீ வந்தால் எளிதாகப் போகலாம்.) 1996இல் அபினிப் போரைப் பற்றிய திரைப்படம் ஒன்றுக்காக ஒரு தெருவைக் கட்டியதில் தொடங்கிய இடம் அது. இன்று சின் காலத்து அரண்மனையும், பெய்ஜிங் அரண்மனையின் அதே அளவிலான நகலும் அங்கே நிற்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு எவரும் போகலாம் என்பதால், ஒரு முற்றத்தில் சுற்றுலாப் பயணிகள் நடந்துகொண்டிருக்க, கயிறு கட்டிப் பிரித்த அடுத்த முற்றத்தில் படப்பிடிப்பு நடக்கிறது. படங்கள் கசிவதற்கு ஒற்றர்கள் தேவையில்லை. இடத்தின் அமைப்பே அப்படி.

கோடைக்காலம். வெயிலைச் சொல்லி முடியாது. அரச மண்டபத்தின் படிக்கட்டில் துணை நடிகர்கள் வரிசையாக அமர்ந்து, கவச உடையைக்கூடக் கழற்றாமல் பெட்டிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகன்னி வேடத்தில் இருந்த ஓர் இளம்பெண் ஐந்தாறு அடுக்குப் பட்டாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் சிறு விசிறியை அதற்குள் காட்டியபடி நின்றாள். பிறகு அவளை இடுப்பில் கம்பி பூட்டித் தூக்கினார்கள். நான்கு பேர் கீழே நின்று கயிற்றை இழுக்க, அவள் மேலே போய், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் கையை விரித்துப் பறந்தாள். இறக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மறுபடி தூக்கினார்கள். திரையில் நாம் மூன்று விநாடி பார்த்து மறந்துவிடும் பறத்தல் அது. அதைப் பார்த்த பிறகு எந்தத் தொடரிலும் பறக்கும் காட்சியை என்னால் அலட்சியமாகத் தள்ளிவிட முடிவதில்லை.

ஆனால் அதே முற்றத்தின் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வேறொரு கூட்டம் இருந்தது. மடக்கு ஏணிகளைப் போட்டு, அவற்றின் மேல் ஏறி, முழங்கை நீள லென்சுகளோடு நின்றவர்கள். அவர்களுள் பலர் ரசிகர்களே அல்லர். படம் எடுத்து ரசிகர்களுக்கு விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். நடிகர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கியதும் உதவியாளர்கள் கறுப்புக் குடைகளை விரித்து நாலாபுறமும் மறைத்தபடி அவரை அழைத்துச் சென்றார்கள். குடைகளுக்கு நடுவே ஒரு காலணியும் உடையின் விளிம்பும் மட்டும் தெரிந்தன. அதற்கே ஏணிகளில் அத்தனை ஓட்டம், அத்தனை கூச்சல். இயக்குநர் தரப்பில் ஒருவர் ஒலிபெருக்கியில் அமைதி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். என் தோழி முகம் வாடி, “போகலாம்” என்றாள். அவள் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் எத்தனை இப்படி எடுக்கப்பட்டவையோ என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே வந்தது.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நடக்கும் ஒரு காட்சியைத் தூரத்திலிருந்து பார்ப்பதில் தவறில்லை. அந்த நடிகர் வேடத்தைக் கலைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழியில் அவருடைய வண்டியைத் துரத்துவது தவறு; அங்கே கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை, களைத்துப் போன ஒரு மனிதர் மட்டுமே இருக்கிறார். இந்த எல்லை எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. நாவலுக்காக வந்தவர்களுக்கும் அது தெரிகிறது என்றே நினைக்கிறேன். விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று சண்டையிடுபவர்கள் தனி. ஒரே நடிகரை மட்டும் தூக்கிப் பிடித்து மற்றவரைத் தூற்றுபவர்கள் அவர்கள். 2021 ஆகஸ்டில் சீன இணைய நிர்வாகம் பத்து விதிகளை வெளியிட்டு, நடிகர்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களையே நீக்கச் சொன்னதற்கு அந்தச் சண்டைகளும் ஒரு காரணம். அதன் பிறகு சண்டையின் சத்தம் குறைந்ததே தவிர, சண்டை நின்றுவிடவில்லை.

படப்பிடிப்பு முடியும் நாளைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். தொடங்கும்போது கேமரா மேல் சிவப்புத் துணி போர்த்தி, மேசையில் பழங்களும் படையலும் வைத்து, ஊதுவத்தி ஏற்றி எல்லோரும் வணங்குவார்கள். ஒவ்வொரு நடிகருக்கும் தம் பகுதி முடியும் நாளில் மலர்க்கொத்தும் கேக்கும் வரும். கதையில் இறந்துபோகும் பாத்திரம் என்றால், சாவுக் காட்சி முடிந்ததும் அந்த நடிகருக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம். தீட்டும் தீங்கும் தொடரக்கூடாது என்பதற்காக. ஷியாங் லியூ அம்புகளுக்கு நடுவே தனியாக மடிவதை நாவலில் படித்திருந்தவர்களுக்கு, அந்த வேடம் முடிந்தது என்ற செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார். என் தோழி அன்று மதியம் ஒன்றும் பேசவில்லை. தொடரில் நீ அழுதது 2024இல்; அவள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அழுதுவிட்டாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தொடர்கள் 40 அத்தியாயங்களைத் தாண்டக்கூடாது என்று 2020 பிப்ரவரியிலேயே சீன ஒளிபரப்பு ஆணையம் அறிவுறுத்தியிருந்தது. ஆகவே முதல் பருவம் 39 அத்தியாயங்களாக 2023 ஜூலையிலும், இரண்டாவது 23 அத்தியாயங்களாக 2024 ஜூலையிலும் வந்தன. இரண்டாம் பருவம் அவசரமாக ஓடுகிறது என்று நீ எழுதியிருப்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். நாவலின் கனம் பாதிக்கு மேல் பிற்பகுதியில்தான் இருக்கிறது. அதற்கு இடம் பற்றவில்லை. முதல் பருவத்தில் சிற்றூர் மருத்துவமனையின் கொல்லைப்புறத்தில், பேச்சே இல்லாமல் கடந்த நிமிடங்கள் எவ்வளவு நிதானமாக இருந்தன! அந்த நிதானத்தை இரண்டாம் பருவத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும். என்றாலும், இளம் வயதில் ஆடல்பாடல் குழுவில் இருந்த தான் ஜியான்சி அந்த வெள்ளை முடிக்குள் இவ்வளவு துயரத்தைக் கொண்டு வருவார் என்று மங்கலான படங்களை வைத்து எவராலும் சொல்லியிருக்க முடியாது. அவருடைய கண்களை அந்தப் படங்களில் பார்க்கவே முடியவில்லையே. முடிக்கப்படாத வேலையை வைத்து முடிந்த வேலைக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் அத்தனை பேரையும் அவர் தன் நடிப்பால் வாயடைக்கச் செய்துவிட்டார்.

இவர்களாவது காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். ‘ஹாவோ யீ ஷிங்’ என்ற தொடருக்காகக் காத்திருந்தவர்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் இணைய நாவல் ஒன்றை, காதலை நட்பாக மாற்றிப் படமாக்கினார்கள். லுவோ யுன்ஷியும் சென் ஃபெய்யுவும் நடித்தார்கள். 2020இல் படப்பிடிப்பும் முடிந்தது. 2021இல் அவ்வகைத் தழுவல்களின் மீது ஆணையத்தின் பார்வை கடுமையாகி, அவை வெளிவருவதே நின்றுபோனது. நான் இதை எழுதும் வரை அந்தத் தொடர் முறையாக ஒளிபரப்பாகவில்லை. அதன் வாசகர்களிடம் இருப்பது சில முன்னோட்டங்களும் தளத்தில் எடுக்கப்பட்ட படங்களும்தாம். அந்தப் படங்களைத் தேதிவாரியாக, அத்தியாயவாரியாக அடுக்கி, நாவலின் வரிகளை அவற்றின் கீழே எழுதி, தொடரைத் தாமே தொகுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். என் தோழி அப்படியொரு தொகுப்பைக் காட்டினாள். வெள்ளை உடையணிந்த குரு மழையில் நிற்கிறார். ஓரத்தில் மின்கம்பி, குடை, தண்ணீர் பீய்ச்சும் வண்டி. ஆனாலும் அது அந்த அத்தியாயம்தான், அதே மழைதான். வெளியே வர முடியாத ஒரு படைப்பை அந்தப் படங்கள்தாம் இன்று உயிரோடு வைத்திருக்கின்றன. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக உண்மையான பதில் இதுதான், தோழி.

இப்போது ஒவ்வொரு மாதமும் ஒளிபரப்பு ஆணையம் வெளியிடும் பதிவுப் பட்டியலை என் தோழி பார்த்து வருகிறாள். எந்த நாவல் எத்தனை அத்தியாயங்களாகப் பதிவாகியிருக்கிறது என்று அதில் தெரியும். புதிதாக ஏதேனும் தொடங்கினால் உனக்கும் எழுதுகிறேன். நீ எனக்கு ஒன்று எழுத வேண்டும். ஷியாங் லியூ விட்டுச்சென்ற பனிக்கட்டிப் பளிங்கு உருண்டைக்குள்ளும், அந்தத் தொப்பைப் பொம்மைக்குள்ளும் இருந்த செய்தி நாயகிக்குத் தெரிய வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாயா? நாவல் படித்தவர்கள் இதில் இன்றும் இரண்டு கட்சி. அவளுக்குத் தெரியாமல் இருந்ததே நல்லது என்ற கட்சி நான். அம்மாவையும் கேட்டு எழுது. அவர்களுக்கு என் அன்பையும் வணக்கத்தையும் சொல்.

அன்புடன்,
உன் தோழி