கூடை அளவில் ஒரு பை

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, கட்டுப் பிரித்த மறுநாளே செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவசரப்பட வேண்டாம் என்று சொல்" என்றாள். சொல்லிவிடு. கோவைக் காற்று அவருக்கு ஒத்துக்கொண்டால் வைகாசி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.

இங்கே என் மனைவிக்குக் கர்ப்பத்தின் முப்பத்திரண்டாவது வாரம் நடக்கிறது. காலில் கொஞ்சம் வீக்கம் உண்டு. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அன்றைக்கே ராஜபாளையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. மாட்டுத்தாவணியில் ஏறி கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போகும் அந்தச் சாலையில்தான் பிள்ளையின் முதல் நீண்ட பயணமும் இருக்கப்போகிறது. பையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த பஸ்தான் என் கண்முன் நிற்கிறது.

"பிள்ளைக்குப் பை வாங்கியாயிற்றா?" என்று கடைசியில் ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் இணையத்தில் ஒன்று வாங்கினோம். தோளில் மாட்டும் பை, இளஞ்சிவப்பும் சாம்பலும். பதினாறு அறைகள் என்று போட்டிருந்தார்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வந்த அன்று தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வெறும் பையே ஒன்றேகால் கிலோ. மருத்துவமனையில் கொண்டுவரச் சொன்ன பொருட்களை வீட்டில் இருப்பவற்றைக் கொண்டு கணக்கிட்டு உள்ளே வைத்தால் நாலரை கிலோவைத் தாண்டிவிட்டது. பிறக்கும் பிள்ளையே ஏறக்குறைய மூன்று கிலோதான் இருக்கும். வயிற்றைத் திறந்து எடுக்க நேர்ந்தால், சில வாரங்களுக்குப் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று அக்காவுக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதே அந்தப் பையின் மேல் எனக்கிருந்த மதிப்பில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி அன்று இரவு போயிற்று. மூன்று கிலோ அரிசியைத் துண்டில் கட்டி இடது தோளில் சாய்த்துக்கொண்டேன். பை கட்டிலில் இருந்தது. வலது கையால் மட்டும் ஜிப்பைத் திறந்து, ஒரு துணியையும் விரிப்பையும் எடுக்க வேண்டும். இவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜிப்பை இழுத்தால் பையே கூட வருகிறது. துணியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கையில் பிள்ளை இருக்கிறது. முழங்காலால் பையை அணைத்துக்கொண்டு திறந்தேன். உள்ளே கருப்புத் துணி உள்பட்டை. அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தும் உள்ளே கிணறு மாதிரி இருட்டு. கைவிட்டுத் துழாவியதில் பை சரிந்து, எண்ணெய்ப் புட்டி தரையில் உருண்டது. கடைசியில் துணி கிடைத்தபோது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்றாம் முறை முயன்றபோது ஜிப் துணியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்துவிட்டது. மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டேன். பணம் வர மூன்று வாரமும் ஏழெட்டுத் தொலைபேசி அழைப்பும் ஆயின.

ஆனால் திருப்பி அனுப்பியதில் அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி. பை வந்த அன்றே அவள் முகம் வாடியிருந்தது. பிள்ளை கைக்கு வருமுன் பிள்ளைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எனக்கும் அக்காவுக்கும் முன்னால் ஒரு பிள்ளை இருந்தது உனக்குத் தெரியும், ஒருமுறை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பதினோரு நாள் இருந்தது. அதற்காக அம்மா ஏழாம் மாதத்திலேயே சட்டைகள் தைத்து, மஞ்சள் நூலில் தொப்பி பின்னி வைத்திருந்தாள். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தத் தொப்பியைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைக் கடைக்கு அழைத்துப் போய்விட்டார். இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட என்னால் முடியாது. தொப்பியைப் பின்னிய கை அது.

இவள்தான் வழி கண்டுபிடித்தாள். "பை பிள்ளைக்கு இல்லை அத்தை, எனக்கு. என் துணி, என் மருந்து, என் கோப்பு எல்லாம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டுமே. பிள்ளை சாமான் எதையும் இப்போது உள்ளே வைக்க மாட்டோம்" என்றாள். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய், பரணில் இருந்து அந்தப் பழைய ஒயர் கூடையை இறக்கச் சொன்னாள்.

உனக்கு அது நினைவிருக்கும். பச்சையும் வெள்ளையும் கட்டம்போட்டுப் பின்னிய பிளாஸ்டிக் ஒயர் கூடை. நாம் பள்ளியில் படித்தபோது அதில்தான் எனக்கு மதியச் சாப்பாடு வரும். அக்காவையும் என்னையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது அம்மாவின் கையில் இருந்ததும் அதே கூடைதானாம். கிழித்து மடித்த வேட்டித் துணிகள், வசம்பு, பாலாடை, ஒரு தகர டப்பாவில் கண் மை, அம்மாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர். பிடி ஒன்றில் ஒயர் விட்டுப்போய், அப்பா கயிறு சுற்றியிருக்கிறார். அதைத் தவிரக் கூடைக்கு ஒரு குறையும் இல்லை.

அதைத் தரையில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் வைத்த இடத்தில் நிற்கிறது. வாய் அகன்றிருப்பதால் மேலிருந்து பார்த்தாலே உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. ஒரு கையால் எடுக்கலாம். பால் கொட்டினால் குழாயடியில் காட்டிக் கவிழ்த்துவைத்தால் போதும். எடையோ அரைக் கிலோகூட இல்லை. மூடி இல்லாததும் தோளில் மாட்ட முடியாததும்தான் குறை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், பிள்ளைக்கு ஒரு கை வேண்டும், கூடைக்கு மூன்றாவது கை எங்கே போவது? அந்த நாளில் அம்மா எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டேன். "பக்கத்தில் நிற்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள்" என்றாள்.

கூடையை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர் கூடையைத் தட்டிப் பார்த்து, அளவுநாடாவை வைத்தார். நீளம் பதினாலு அங்குலம், அகலம் ஏழு, உயரம் பதினொன்று. "இதே பெட்டி வாட்டத்தில் தைத்துவிடலாம். முதுகில் மாட்ட இரண்டு பட்டை, மேலே பிடி ஒன்று" என்றார். மழைத் தண்ணீர் இறங்காத நைலான் துணி. நடுவில் பஞ்சுப் பட்டை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், ஐப்பசி மழையில் பஞ்சு வைத்த பை மூன்று நாள் ஆனாலும் காயாது. உள்பட்டைக்கு வெளிர் சந்தன நிறம். அடியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. எட்டாம் நம்பர் ஜிப், இரண்டு ரன்னர். ஜிப் மூன்று பக்கமும் சுற்றி ஓடினால் பெட்டியின் மூடி மாதிரி முழுவதும் திறக்கும் என்று அவரே யோசனை சொன்னார். ஜிப்பின் இரண்டு முனையிலும் சின்னச் சின்ன நாடா வளையம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு விரலை அதில் மாட்டிப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் ரன்னரை இழுக்கலாம். ஒற்றைக் கை வேலை அங்கே முடிந்துவிட்டது. மொத்தம் 950 ரூபாய்.

நிறம் கருநீலம். இவளுக்குப் பூப்போட்டது பிடிக்கும். ஆனாலும் கருநீலமே இருக்கட்டும் என்றாள். பையைச் சுமக்கப்போவது நான். இதில் எனக்கு உறுதியான எண்ணம் ஒன்று உண்டு, அதற்குக் காரணம் அக்கா. 2017-இல் அவளுக்கு அரசு மருத்துவமனையில் அறுவைப் பிரசவம் ஆனது. 2015-இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். பதினாறு பொருட்கள்: கொசுவலை, துண்டு, சட்டை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம், கை கழுவும் சோப்புத் திரவம் வரைக்கும் இருந்தது. அந்தப் பட்டியலில் தாயையும் நினைத்திருந்தது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அக்காவின் கணவருக்குத் தெரியாது. பிள்ளை அழும்போதெல்லாம் தையலோடு அக்காதான் எழுந்து வந்து தேடினாள். நான் அங்கே நின்று பார்த்தேன். சுமப்பவனே அடுக்க வேண்டும், அடுக்கியவனுக்கு இருட்டிலும் கை போக வேண்டும் என்று அன்றே தோன்றியது.

அறைகள் அதிகம் வேண்டாம் என்றும் பெரியவரிடம் சொன்னேன். வெளியே இரண்டு, உள்ளே இரண்டு, அவ்வளவுதான். வெளியே தட்டையான அறை கோப்புக்கு. தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய தாள், ஸ்கேன் தாள்கள். பிறப்பைப் பதியவும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள், ஆகவே அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை ஊசி. அப்புறம் ஆறு, பத்து, பதினாலாவது வாரங்கள். யோசித்துப் பார், முதல் மூன்று நான்கு மாதங்களில் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போவதே பெரும்பாலும் இதற்காகத்தான். அதற்கு ஏற்ற பை போதும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்துக்கு உள்ளறை ஒன்று.

வெளியே இன்னோர் அறையை நான் அளந்து வைக்கச் சொன்னேன். வாங்கிய பையில் பால் புட்டிக்கென்று சூடு காக்கும் அறை இரண்டு இருந்தன. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்றால் புட்டிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும். பிரசவமான வீட்டில் வெந்நீர்தான் குடிக்கச் சொல்வார்கள். இவளுடைய ஒரு லிட்டர் பிளாஸ்க் அந்த இரண்டு அறையிலும் நுழையவில்லை! பையை வடிவமைத்தவர்கள் தாய்க்கு ஓர் இடம் வைக்க மறந்துவிட்டார்கள் என்பது என்னைக் கொஞ்சம் வருத்தியது. புதிய பையில் பிளாஸ்க் சரியாக நிற்கிறது.

விரிப்பு தனியாக வாங்கவில்லை. மருந்துக் கடையில் ரப்பர் ஷீட் அரை மீட்டர் வெட்டித் தந்தார்கள். வெறும் ரப்பர் உடம்பில் பட்டால் சில்லென்று இருக்கும், மேலே பருத்தித் துணி வேண்டும். போன வாரம் ஒரு பஸ் நிலையத்தில் தாய்மார்கள் பாலூட்டும் அறைக்குள் இவளைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். உட்காரப் பலகை இருக்கிறது, பையை வைக்க மேடை இல்லை, சுவரில் ஓர் ஆணி இருக்கிறது என்றாள். மறுநாளே பெரியவரிடம் போய், மேல்பிடியைக் கொஞ்சம் நீளமாக்கிக்கொண்டு வந்தேன். ஆணியிலும் மாட்டலாம், பஸ் இருக்கையின் பின்கம்பியிலும் மாட்டலாம்.

எத்தனை துணி வைப்பது என்று உன் வீட்டில் தங்கச்சியிடம் கேட்டுச் சொல். பிறந்த பிள்ளைக்கு நாளைக்கு எட்டு, பத்து மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். மணிக்கு ஒன்று, மேலே இரண்டு என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து இங்கே வர அது சரியாக இருக்குமா? பயணத்துக்கு மட்டும் கடை டயப்பர், வீட்டில் துணி என்று நீங்கள் வைத்துக்கொண்டது நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. அழுக்கானதைப் போட்டுவைக்க ஜிப் வைத்த ரெக்சின் உறை ஒன்றும் பெரியவர் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

பை இப்போது அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே இவளுடைய இரண்டு நைட்டி, பிளாஸ்க், கோப்பு. வேறொன்றும் இல்லை. நேற்று மாலை அம்மா அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மடித்ததைப் பைக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல் வைத்திருக்கிறாள். உள்ளே வைக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முதலில் போடுவது புதுச்சட்டையாக இருக்கக் கூடாது, நன்றாக வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்த சட்டையாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். யாருடையது வேண்டும் என்று கேட்டதும் உன் மகள் பெயரைத்தான் சொன்னாள். குட்டியின் பழைய பருத்திச் சட்டைகளில், முன்பக்கம் நாடா கட்டும் சட்டை இரண்டு இருந்தால் தங்கச்சியிடம் வாங்கி அனுப்பு. சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை. வளைகாப்புக்கு நீங்கள் மூவரும் வருவதாக இருந்தால் கையிலேயே கொண்டுவாருங்கள். அம்மாவின் கையில் குட்டியே கொடுக்கட்டும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்