முன் சீட்டில் இருக்காதே, தம்பி

சுன்னாகம்
14.12.2018

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் பிரஷரும் பரவாயில்லை. நேற்றுப் பின்னேரம் டிவியில் பாராளுமன்றத்தைக் கலைத்த வழக்கின் தீர்ப்பைச் சொன்னவுடனே அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார். ஏழு நீதியரசர்களும் ஒரே முடிவு. நாலரை வருடம் முடிய முன்னம் பாராளுமன்றத்தைக் கலைக்கிறதென்றால் 225 பேரில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கவேணும், ஜனாதிபதி மைத்திரி நினைத்தபாட்டுக்குக் கலைக்க ஏலாது. வழக்கே எங்கடை தலைவர் சம்பந்தன் ஐயாவின் பெயரில்தான்: சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். பேசினது எங்கடை சட்டத்தரணி கனகஈஸ்வரன் ஐயா. "என்ரை மகன் தூக்கித் திரிந்த ஃபைல்" என்று அப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லியாயிற்று. மனுப் போட முதல் நீ இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை என்பது உன் சினேகிதன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீ சொல்லவில்லை.

நீ இப்ப ஒன்றும் சொல்கிறாய் இல்லை. கோல் எடுத்தால் "மீட்டிங்கில் நிற்கிறன் அம்மா". கார்த்திகை (நவம்பர்) 16 அன்று சபைக்குள் மிளகாய்த் தூளைக் கரைத்து எறிந்தார்களே, சபாநாயகர் பொலிஸ் காவலோடு நின்று வாக்கெடுத்தாரே, அன்றைக்கு நானும் டிவிக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ உள்ளே போகிற ஆள் இல்லை என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

நீ வேலை செய்கிற எம்.பியின் வாகனத்தில் முன் சீட்டில் இருக்காதே. இரவில் தனிய ஆட்டோவில் போகாதே. காலையில் ஒரே நேரத்துக்கு, ஒரே வழியால் வெளிக்கிடாதே. 2006 கார்த்திகையில் கொழும்பு நாரஹேன்பிட்டியில் எங்கடை எம்.பி ரவிராஜ் ஐயாவைச் சுட்டபோது அவரோடு காரில் இருந்த பாதுகாப்புப் பொலிஸ்காரரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன். அந்தக் காலம் போய்விட்டது என்று நீ சொல்வாய். முன் சீட்டில் இருக்காதே.

சந்தையில் சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. ஜனாதிபதி விலக்கின பிரதமர் ரணிலின் கதிரையைக் காப்பாற்றத்தானே எங்கடை ஆட்கள் கோடேறினவை, எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்குதுகள். நான் விடவில்லை. 2015 தையில் வரிசையில் நின்று இதே மைத்திரிக்குத்தான் நாங்கள் வோட்டுப் போட்டோம். அந்த மனுசனே அரசியலமைப்பை மிதிக்கும்போது பேசாமல் இருந்தால், நாளைக்கு எங்கடை காணிக்கு எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கிறது? நீங்கள் செய்தது சரி. ஆர் என்ன சொன்னாலும் சரி.

ஆனால் பெரியமாமியின் விசயத்தில் நீ செய்தது சரியில்லை, தம்பி. போன வருடம் ஆடியில் மயிலிட்டித் துறைமுகத்தை 27 வருடத்துக்குப் பிறகு ஆமி விட்டபோது மாமியும் ஆலாத்தித் தட்டோடு போனவ. அவவின் வளவு அடுத்த கம்பி வேலிக்கு அங்கால் போய்விட்டது. வேலியில் நின்று பார்த்தால் கிணற்றுக்கட்டும் துலாக்காலும் தெரியும். வீடு இல்லை. ஜனாதிபதி கோணப்புலம் முகாமுக்கு வந்தபோதும் முன்வரிசையில் நின்றவ. போன மாசியில் உறுதி, விதானையாரின் கடிதம், குடும்ப அட்டைக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி உன் கையில்தான் தந்தவ. நீயும் எம்.பியிடம் கொடுக்கிறன் என்றாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. கோயிலில் என்னைக் கண்டால் மாமி கேட்கிறதில்லை, என்ரை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. கேட்டாலும் எனக்குச் சுகமாயிருக்கும்.

ஒன்றரை மாதமாக ஆர் அமைச்சர் என்றே தெரியாத நாட்டில் கடிதம் எங்கே போகும் என்று நீ சொல்லலாம். அதையாவது மாமியிடம் சொல்லியிருக்கலாம். உங்கடை எம்.பிக்குக் கொழும்பில் ஜனாதிபதியோடு மல்லுக்கட்டத் தெரிந்தால் போதாது, மயிலிட்டிக் கிழவிக்கு "இன்னும் நடக்கவில்லை" என்று ஒரு வரி எழுதவும் ஆள் வேணும். அந்த ஆள் நீதான் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்குப் போக அப்பா சம்மதித்தவர்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் பையில் இருக்கிறது மூல உறுதி, கொப்பி இல்லை. கவனமாக எடுத்து வை. தைப்பொங்கலுக்கு வரும்போது நீயே மாமியிடம் போ. ரயிலில் வா, வாகனத்தில் வராதே. வாகனத்தில்தான் வருவதென்றால் பின்னுக்கு இரு.

கோல் எடு. எத்தனை மணியென்றாலும் நான் முழிப்பாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா