வந்த ஆளின் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டாவில் வேலைக்கு ஆள் நிலைப்பதில்லை என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன் நான். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஆளை இரு தரப்புமே மறந்துவிடுகிறார்கள்.

சம்பா அறுவடையில் நெல் வந்து குவியும் நேரம், நெல்லை அவிக்க நீராவி தரும் பாய்லரை ஓட்டுகிற பாய்லர்காரர் விடியற்காலையில் வரவில்லை என்று வையுங்கள். சான்றிதழ் இல்லாத ஆளை அங்கே நிறுத்த முடியாது. தொட்டியில் ஊறிய நெல் நேரத்துக்கு அவியாவிட்டால் புளித்து, அரிசியில் வாடை ஏறும். அது முதலாளியின் நஷ்டம், தாங்கிக்கொள்வார். களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் கொரடாச்சேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள். அவர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. அவியாத நாளில் மூட்டை ஏது? போன மாசியில் ஒரு அக்கா, தூக்குவாளியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு, “சார், நாங்க வந்தது தப்பா?” என்று கேட்டார். மறுநாள் பாய்லர்காரர் கண் சிவந்து வந்தார். “பாவம், பிள்ளைகுட்டிக்காரன்” என்று விட்டுவிட்டார்கள். அந்த இரக்கத்துக்கான காசு அக்காவின் கூலியிலிருந்து போனது.

அதற்காக “நாளையிலிருந்து வராதே” என்பதும் சரியில்லை. அம்மாவைத் தஞ்சாவூர் மெடிக்கலில் சேர்த்தவரும், குடித்துவிட்டுப் படுத்தவரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். முன்னவர் ஒரு போன் செய்தால் போதும். பின்னவரை, போதை தெளியாமல் பாய்லர் முன்னால் நிறுத்துவதே ஆபத்து. போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை முடியும்வரை மூட்டை தைக்கும் இடத்துக்கு அவரை மாற்றலாம். எதுவரை, என்ன சம்பளம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே அவர் ஒருநாள் வராவிட்டாலும் ஆலை நிற்காது.

ஒருநாள் வராததற்கு ஒரு வாரச் சம்பளத்தைப் பிடிக்கிறவர்களும் உண்டு. வராத நாளுக்கு உரியதைத்தான் பிடிக்கலாம். அபராதம் என்றால், 2019 ஊதியச் சட்டப்படி ஒரு சம்பளக் காலத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முதலில் அவர் தரப்பையும் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் குழப்புவது முன்பணம். தீபாவளிக்கும் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும் கைநிறையக் கொடுத்துவிட்டு, ஆளை அனுப்பினால் பணம் போய்விடுமே என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கடன் தீரும்வரை அனுப்பமாட்டார் என்ற தைரியம் ஆளுக்கு. இதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பாய்லர் நின்ற நாளில் களத்துப் பெண்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்கச் சொல்லி எங்கள் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அவரும் உங்கள் வாசகர் என்பதால் பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

— ஓர் அரிசி ஆலை மேலாளர்,
நீடாமங்கலம்