சார்ஜ் எடுக்கப் போகும் வி.ஏ.ஓ. மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. திங்கட்கிழமை சார்ஜ் எடுக்கிறாய். 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு), சிட்டா (பட்டாதாரர் வாரியான நிலக் கணக்கு), அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற கணக்கு), புலப்படங்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. பக்கம் கிழிந்திருந்தால் எந்தப் பக்கம் என்று ஒப்படைப்புப் பட்டியலிலேயே எழுதிவிடு. நாளைக்குக் காணோம் என்றால் உன்னைத்தான் கேட்பார்கள். கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை 1980இல் ஒழித்த பிறகு வந்த வேலை உன்னுடையது. ஆனாலும் சில ஊர்களில் இன்னும் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், சிரித்துக்கொள்.

பட்டா மாறுதலில் தகராறு பெரும்பாலும் அளவில்தான் தொடங்கும். பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பதிவேடு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர்; நூறு ஏர் ஒரு ஹெக்டேர். பத்திரத்தில் 2 ஏக்கர் 15 சென்ட் என்றால் பதிவேட்டில் 0.87 ஹெக்டேர் இருக்க வேண்டும். பழைய பத்திரமானால் சர்வே எண்ணும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தையதாக இருக்கும். 'அ' பதிவேட்டில் பழைய எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பேசு.

மனுவைத் திருப்பினால் 'ஆவணம் போதாது' என்று மட்டும் எழுதாதே. என்ன போதாது என்று தெரியாமல்தான் ஜனங்கள் புரோக்கரிடம் போய் நிற்கிறார்கள். 'மூலப் பத்திர நகல் இல்லை. பாகப்பிரிவினையில் இரண்டாவது மகள் கையெழுத்திடவில்லை' என்று எழுது. அந்த ஒரு வரி போதும், புரோக்கருக்கு வேலையில்லை.

அடங்கலை மட்டும் ஆபீசில் உட்கார்ந்து எழுதிவிடாதே. ஜூலை 1இல் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, பிறக்கும். பயிர் நிற்கும்போதே புலம் புலமாக நடந்து, கண்ணில் பட்டதை எழுது. போன வருஷத்துப் பக்கத்தைப் பார்த்துக் காப்பியடித்தால், நெல் நிற்கும் வயல் கணக்கில் தரிசாகிவிடும். அந்த விவசாயி கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு நிற்கும்போதும், வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம் கேட்கும்போதும், பயிர்க் காப்பீட்டுக்கு எழுதும்போதும் உன் அடங்கல்தான் குறுக்கே நிற்கும். குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். பட்டா வேறு பெயரில் இருப்பதால், பயிர் வைத்தது அவர்தான் என்று காட்ட பெரும்பாலும் அவரிடம் வேறு காகிதமே இருக்காது.

பணம். 'காபி செலவுக்கு வெச்சுக்கம்மா' என்று மேசையில் வைப்பார்கள். தலையாரி (கிராம உதவியாளர்) கையில் கொடுக்கச் சொன்னாலும் வாங்கியது நீதான். லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைத்த நோட்டில் பினாப்தலீன் பொடி இருக்கும்; சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஊழல் தடுப்புச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 வரை போகலாம். ஐநூறு ரூபாய் என்றாலும் அதே சட்டம்தான். வைத்த நோட்டைத் தொடாதே. அவரையே எடுக்கச் சொல்.

கூடுதல் பொறுப்பு கொடுத்தால், எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பாய் என்று இரண்டு ஆபீஸ் கதவிலும் எழுதி ஒட்டு. முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் பாட்டிக்கு ஒரு பஸ் செலவு மிச்சமாகும்.

அப்பா