ஆண் குளவி இல்லாத அட்டை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

பயிரைத் தின்னும் புழுவின் தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் சிறு குளவி ட்ரைக்கோகிராமா. அக்குளவி வளரும் பூச்சி முட்டைகளை ஒட்டிய காகிதமே நாங்கள் தரும் முட்டை ஒட்டுண்ணி அட்டை. அதை வில்லை வைத்துப் பார்த்த சிலர், "எல்லாம் பெண்ணாகவே இருக்கு, சோடி சேராமல் எப்படிப் பெருகும்?" என்று கேட்கிறீர்கள். அட்டையில் பழுதில்லை. பத்து மடங்கு வில்லையில் உணர்கொம்பைப் பாருங்கள்: நீண்ட மயிர் சிலிர்த்து நின்றால் ஆண், நுனி தடித்துக் கதாயுதம் போலிருந்தால் பெண். இந்த அட்டையில் இரண்டாவதுதான் வரவேண்டும்.

குளவி இனத்தில் கருக்கட்டிய முட்டை பெண்ணாகும், கருக்கட்டாதது ஆணாகும். ட்ரைக்கோகிராமாவின் சில வகைகளில், இந்த அட்டையில் உள்ளதிலும், உடலுக்குள் வொல்பாக்கியா என்ற பற்றீரியா குடியிருக்கிறது. அது இருந்தால், கருக்கட்டாத முட்டையின் முதற்பிரிவில் இரட்டித்த நிறமூர்த்தங்கள் (மரபுப் பொருளைத் தாங்கும் இழைகள்) விலகாமல் ஒரே உட்கருவில் தங்கி, கருக்கட்டிய முட்டையில் போல் இரு மடங்காகிவிடும். ஆணாக வேண்டியது பெண்ணாகிறது. பற்றீரியாவுக்கு இது சொந்த இலாபம்: அது முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும், விந்து வழியாகப் போகாது. கொழும்பில் டெங்குக்காக நுளம்புகளில் ஏற்றி விட்டதும் வொல்பாக்கியாதான், ஆனால் அங்கே அதன் வேலை வேறு.

நுண்ணுயிர்கொல்லி கொடுத்தாலும் 30 பாகைக்கு மேல் சூடு பட்டாலும் இந்தக் குளவிகள் மறுபடி ஆண் குஞ்சு இடும் என்று ஸ்டவுத்தாமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990இல் காட்டினர். நமக்குச் சிக்கல் இங்கேதான். கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் பகல் 33, 34 பாகை சாதாரணம். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இன்னும் கூடும். சூடுபட்ட அட்டையிலிருந்தும் பெண்களே வெளிவரும், பார்வைக்குக் குறை தெரியாது. அவை வயலில் இடும் முட்டைகளில்தான், முட்டையிடாத ஆண் கூடும், பாதி ஆண் பாதி பெண்ணான குளவியும் வரும். இரண்டாம் வாரம் புழு ஏறியதும் அட்டையைக் குறை சொல்வோம்.

ஆகவே அட்டையை ஈரத்துணி சுற்றிய பெட்டியில், காலையிலேயே கொண்டுபோங்கள். உடனே கட்டாவிட்டால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு வாரம் வரை வைக்கலாம், ஐஸ் பெட்டியில் கூடாது. முட்டைகள் கறுத்த பின், பொரிப்பதற்கு முதல்நாள் மாலை கட்டுங்கள். ஏக்கருக்கு 20,000 முட்டை அட்டை இரண்டு. ஒவ்வொன்றையும் 20 துண்டாக்கி, பத்து மீற்றருக்கு ஒன்றாக இலையின் அடிப்புறம், நிழலில். கட்டும் நூலில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஒரே இரவில் துடைத்துவிடும். தாய் அந்து தென்படத் தொடங்கியதும் முதல் கட்டு, பிறகு வாரம் ஒருமுறை. பொரித்த புழுவை இக்குளவி ஒன்றும் செய்யாது. கட்டுவதற்கு முன்னும் பின்னும் பத்து நாள் பூச்சிநாசினி வேண்டாம்.

"எல்லாம் பெண்தானே, ஒரு அட்டை போதாதா?" என்றால், போதாது என்பதே எங்கள் எண்ணம். பற்றீரியா உள்ள பெண் பெரும்பாலும் குறைவாகவே முட்டையிடும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: குளவிக்கு உணவாகும் தேனை வளர்ப்புக் குழாயின் சுவரில் மெல்லிய கோடாகப் பூசுங்கள், துளியாக விட்டால் ஒட்டிச் சாகும். தேனில் பூஞ்சணம் பிடிக்கக் கூடாதென்று, கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்கொல்லியை அதில் கலக்காதீர்கள். பூஞ்சணம் போகாது, வொல்பாக்கியாதான் போகும்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணி வளர்ப்பகத்தார்,
திருகோணமலை