பதினோரு வாரத்தில் ஒரு வருடப் பாடம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன் தம்பி குடும்பத்தோடு சியாட்டில் பக்கமே மாற்றலாகி வருகிறான் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், நம்ம பாளையங்கோட்டைத் தெருவிலிருந்து ஒரு வீடு பக்கத்தில் வருவது இதுதான் முதல் தடவை.

தம்பி மகள், உன் மருமகள், பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள், "பள்ளியில் இருக்கும்போதே காலேஜ் படித்துவிடலாமாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு ரன்னிங் ஸ்டார்ட் என்று பேர். 1990-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். மினசோட்டாவில் 1985-இலேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் 11, 12 படிக்கிற பிள்ளைகள் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்கு, அதாவது இரண்டு வருடப் படிப்பு நடத்தும் அரசுக் கல்லூரிக்குப் போய், மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தைப் படிப்பார்கள். கல்விக் கட்டணம் கிடையாது. அந்தப் பிள்ளைக்காக அரசு தருகிற பணத்தில் அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் 7 சதவீதத்தை வைத்துக்கொண்டு மீதி 93-ஐக் கல்லூரிக்குக் கொடுத்துவிடும். புத்தகம், போக்குவரத்து, சில்லறைக் கட்டணங்கள் நம் கையிலிருந்து. வருமானம் குறைந்த வீடுகளுக்கு அதிலும் சலுகை உண்டு.

படித்த பாடம் இரண்டு பக்கமும் கணக்கில் ஏறும். கிரெடிட் என்பது ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்பதற்கான அளவு. கல்லூரியில் 5 கிரெடிட் என்றால் பள்ளியில் அது ஒரு முழு வருடப் பாடத்துக்குச் சமம். கேட்க லாபமாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கல்லூரி அந்த 5 கிரெடிட்டை ஒரே பருவத்தில், ஏறக்குறைய பதினோரு வாரத்தில் முடித்துவிடும். பள்ளியில் ஜூன் வரை இழுத்து நடத்துவதை இங்கே செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பரில் பரீட்சை வைத்துவிடுவார்கள். இதன் கனம் எனக்கு அப்போது புரியவில்லை.

என் மகள் பெரியவள் ஒரே ஒரு பாடம், ஆங்கிலம் மட்டும் எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். "வந்ததே வந்தோம், மூன்றாக எடு, ரெண்டு வருஷம் மிச்சம்" என்று நான்தான் சொன்னேன். ஆங்கிலம், வேதியியல், வரலாறு, மொத்தம் 15 கிரெடிட். ஐந்தாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் படுத்துவிட்டாள். பள்ளியில் எட்டு நாள் போனால் சமாளிக்கலாம். அங்கே அதற்குள் இரண்டு அத்தியாயமும் ஒரு தேர்வும் போய்விட்டன. வேதியியலில் 4-க்கு 2.3 வந்தது. கல்லூரிப் பதிவேட்டில் ஏறிய மதிப்பெண் அங்கேயே நிற்கும். பள்ளி மதிப்பெண் பட்டியலிலும் அது வந்து உட்கார்ந்தது, பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழக விண்ணப்பத்தோடும் கூடவே போனது. அவள் அழுத அழுகைக்கு நான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேராசிரியரிடம் பேசலாம் என்று கல்லூரிக்குப் போன் போட்டேன். பேச முடியாது என்றார்கள். 1974-ஆம் வருடத்துக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மாணவரின் பதிவுகள் மாணவருக்கே சொந்தம் என்கிறது. பதினாறு வயதானாலும் அப்படித்தான். மகள் எழுதிக் கொடுக்காமல் அவள் மதிப்பெண்ணை எனக்குச் சொல்ல மாட்டார்கள். கோபம் வந்தது எனக்கு. ஆனால் அடுத்த வாரம் அவளே அந்தப் பேராசிரியரின் அறைக்குப் போய், எங்கே விட்டது என்று கேட்டு வந்தாள். அதன் பிறகு வாரம் ஒரு தடவை போனாள். வீட்டில் குரல் எழும்பாத பிள்ளை அவள்.

இன்னொன்றும் நடந்தது. வரலாற்று வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் உட்காருவாராம். ராத்திரி முழுக்க லாரி ஓட்டிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவார். ஒரு பெண் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வருவாள். அவர்கள் நோட்டு எடுக்கிற அக்கறையைப் பார்த்துத்தான் படிப்பு என்றால் என்னவென்று தெரிந்தது என்றாள். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டார். பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து பதினாறு வயதில் பி.யு.சி. என்ற ஒரு வருடப் படிப்புக்குக் காலேஜ் படியேறினவர். முதல் நாள் விரிவுரையாளர் "மிஸ்டர்" என்று கூப்பிட்டதைச் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், நீயும் எத்தனை தடவை கேட்டிருப்பாய்! 1978-இல் பிளஸ் டூ வந்து அந்த வயசுப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

இனி, கிரெடிட் எங்கே செல்லும் என்பதையும் கேட்டுக்கொள். இந்த மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. பெரியவள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேரும்போது கையில் 60 கிரெடிட் இருந்தது. அங்கே பட்டத்துக்கு 180 வேண்டும். மூன்றில் ஒரு பங்கு முன்கூட்டியே முடிந்தது. ஆனால் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று, பள்ளிப் படிப்புக்கும் சேர்த்துக் கணக்கிட்ட கிரெடிட் எங்களுக்குச் செல்லாது என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டது. ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்கிற வழி வேறு, அது பள்ளியிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடம். பள்ளி ஆசிரியரே நடத்துவார், மே மாதத் தேர்வில் ஐந்துக்கு எத்தனை என்பதை வைத்துத்தான் கிரெடிட். பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் நடத்தும் ஏற்பாடும் இங்கே உண்டு. 2023-இலிருந்து அரசுக் கல்லூரிகள் வழியாக நடக்கும் அந்த வகுப்புகளுக்கும் கட்டணம் இல்லை.

60 கிரெடிட் இருந்தும் பெரியவள் சீக்கிரம் முடித்து வெளியே வரவில்லை. உயிரியலோடு வரலாற்றையும் சேர்த்து நாலு வருடம் நிதானமாகப் படிக்கிறாள். ரெண்டு வருஷம் மிச்சம் என்று நான் துடித்தது அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

ஆகவே ஏட்டி, உன் மருமகள் விஷயத்தில் என் எண்ணம் இது. முதல் வருடம் அவள் பள்ளியிலேயே இருக்கட்டும். ஊரை விட்டு வருகிற பிள்ளை, அவளுக்கு முதலில் மதிய இடைவேளையில் கூட உட்கார நாலு பேர் வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் வகுப்பு முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தனிமை பெரியவளுக்கே கஷ்டமாக இருந்தது, இவள் புதுசு. பன்னிரண்டில் ஒரு பாடம் எடுக்கட்டும், அவளுக்கே பிடித்த பாடம். எந்தப் பாடம் என்று தம்பி சொல்ல வேண்டாம், நீயும் சொல்லாதே.

தம்பியிடம் ஒன்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் தடுப்பூசி அட்டையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல். பள்ளியில் சேர்க்க இரண்டும் வேண்டும், பெட்டியில் போட்டுவிட்டுத் தேடக்கூடாது. முதல் நாள் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் எப்படி இருக்கிறது என்று எழுது. அவர்களிடம் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு கொடுத்துவிடு.

என்றும் உன்
பெஞ்சுத் தோழி