நைட்ரஜன் சுழற்சியை ஒரு வாளியில் நடத்த விடுங்கள்: உயிரியல் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நான் உயிரியல் ஆசிரியர். காற்று, மண், உயிர்கள் என்று நைட்ரஜன் மாறிமாறிச் சுற்றிவரும் நைட்ரஜன் சுழற்சியை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? ஒரு படம், அஞ்சாறு அம்புக்குறி, நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டு பாக்டீரியாக்களின் பெயர். தேர்வில் அதை அப்படியே வரைந்தால் முழு மதிப்பெண். அந்த அம்புகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் உயிர் செய்யும் வேலை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

உணவு ஆலைக் கழிவுநீரை உரமாக்குவதைச் செய்முறைப் பாடமாக வையுங்கள். உருளைக்கிழங்கை வெட்டிக் கழுவிய நீரில் மாவுச்சத்து, புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும் வேகத்தில் நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். அதே நீரில்தான் செடிக்கு வேண்டியதும் இருக்கிறது.

ஆனால் அப்படியே ஊற்றக் கூடாது. முதல் முறை நான் ஊற்ற விட்டேன், சில நாட்களில் இலைகள் மஞ்சளாகிவிட்டன. "சத்து இருக்குன்னு சொன்னீங்களே சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அது. மாவுச்சத்தில் கார்பன் ஏராளம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்ட மண்ணிலிருந்த நைட்ரஜனையும் செடிக்கு முன்னால் எடுத்துக்கொள்கின்றன, வேர்ப்பகுதியின் ஆக்சிஜனையும் குடித்துவிடுகின்றன. புரதத்துக்குள் இருக்கும் நைட்ரஜனோ உடைந்து அம்மோனியம் ஆகும்வரை செடிக்குப் பெரிதாக உதவாது.

அப்புறம் அந்த நீரை வாளியில் ஊற்றி, ஒரு பிடி தோட்டமண் போட்டு, மீன் தொட்டிக்கான காற்று பம்பை வைத்தோம். மீன் தொட்டி நீரைச் சோதிக்கும் கிட்டே போதும். மண்ணோடு வந்த பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைச் செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாகவும் மாற்றுவதால், அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் தலைகாட்டி மறையும், பிறகு நைட்ரேட் சேரும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், இடையில் பிஎச் குறைவதையும், அதாவது நீர் அமிலத்தன்மை பக்கம் நகர்வதையும் பார்க்கலாம். வெறும் தண்ணீர், பச்சைக் கழிவுநீர், பக்குவப்படுத்தி நீர்த்த கழிவுநீர், கடை உரம் என்று நான்கு தொட்டிகள் வைத்தால், ஒப்பீட்டுச் சோதனை எதற்கு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. உப்பு அதிகமுள்ள நீர் வேண்டாம், வேர் நீர் உறிஞ்ச முடியாமல் செடி வாடும். இறைச்சி ஆலை நீரை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. கையுறை கட்டாயம், வளர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: தொடர்ந்து ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு பாடவேளை. மதிப்பெண்ணைச் செடியின் உயரத்துக்குத் தராதீர்கள், குறிப்பேட்டுக்குத் தாருங்கள். செடி பட்டுப்போன பிள்ளை ஏன் பட்டது என்று சரியாக எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும், அதை விதியாகவே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்